பூவுக்கு யார் வேலி?

பெருமதிப்பிற்குரிய அவைத் தலைவர் அவர்களே, திடலை மனமுவந்து தந்த ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, ஒலிபெருக்கிச் செலவை ஏற்றுக்கொண்ட மாட்டுத்தாவணி பூ வியாபாரப் பெருமக்களே, விடியுமுன் மொட்டெடுக்கப் போகவேண்டியிருந்தும் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

பூவைத் தின்ன வரும் புழுவைச் செடி தடுக்கும் வழிகளில் பிசின், நஞ்சு, காவல் என மூன்றைச் சொல்ல வந்திருக்கிறேன். இலை போனால் மறு இலை துளிர்க்கும். பூ போனால் விதையே போயிற்று. ஆனால் புழுவை விரட்டும் அதே பூ தேனீயை அழைக்கவும் வேண்டும். வேலியே பயிரை மேய்ந்துவிடக் கூடாது என்பதுதான் செடியின் கவலை.

பிசினுக்குக் கண்மாய்க்கரைச் சிறுபூனைக்காலியைப் பாருங்கள். அதன் மொட்டைச் சுற்றி வலைபோல் அமைந்த பூவடிச் செதில்களில் பசை சுரக்கிறது; சிறு பூச்சிகள் அதில் ஒட்டிக்கொண்டு மடிகின்றன. கொடிவேலிப் பூவின் புல்லிவட்டமும் விரலில் ஒட்டும்.

காவலுக்கு என் பிள்ளைப் பருவத்து நிகழ்ச்சி ஒன்றே போதும். கள்ளிக்குடிப் பக்கம் எங்கள் தாத்தாவுக்குக் கரிசலில் பருத்தி இருந்தது. செடியெல்லாம் எறும்பு ஏறி என் காலைக் கடித்ததால், அவர் சந்தைக்குப் போன நாளில் வீட்டிலிருந்த எறும்புப் பொடியை எடுத்துப்போய் இரண்டு வரிசைக்கு அடித்தண்டில் தூவிவிட்டேன். திரும்பி வந்தவர் என்னை அடிக்கவில்லை. கையைப் பிடித்து அழைத்துப்போய், இலையைத் திருப்பி, நடுநரம்பில் மினுங்கிய இனிப்புத் துளியைக் காட்டினார். “இது செடி கொடுக்குற கூலிடா. வேலியே பயிர மேஞ்சா குத்தம், நீ வேலியையே பிடுங்கிட்டியே” என்றார். சில நாளில் அந்த இரண்டு வரிசையில் மட்டும் சப்பைகள், அதாவது இளம் பூ மொட்டுகள், துளைபட்டு உதிர்ந்து கிடந்ததைப் பொறுக்கியது நான்தான். பூவுக்கு வெளியே தேன் சுரந்து எறும்பைக் காவலுக்கு வைக்கும் இவ்வழக்கம் பல செடிகளுக்கு உண்டு. ஆப்பிரிக்க வேலமரங்கள் சிலவற்றின் பூக்களோ, மகரந்தம் வெளிப்படும் வேளையில் எறும்பை விலக்கும் மணத்தை வீசி, தேனீக்கு வழி விடுகின்றன. காவலாளியையும் எங்கே நிறுத்துவது என்று அம்மரம் அறிந்திருக்கிறது.

பருத்திச் சப்பையில் காணும் கரும்புள்ளிகளில் காசிபால் என்னும் நஞ்சு இருக்கிறது. நஞ்சைப் பற்றி விரிவாகப் பேசலாம். ஆயினும் நாம் தெளிக்கும் நஞ்சைப் பற்றிப் பேசாமல் இம்மேடையை விட்டு இறங்க எனக்கு மனமில்லை.

2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லிக்கு மொட்டுப்புழு பெரும் பகை. நூலாம்படையால் மொட்டுகளைச் சேர்த்துப் பின்னி, ஒன்றன்பின் ஒன்றாக அது குடைகிறது. அதற்கென்று அடிக்கடி தெளிக்கும் மருந்து, புழுவைத் தின்னும் சிலந்தியையும் குளவியையும் சேர்த்துக் கொல்கிறது. நாம் போட்ட வேலியே பயிரை மேய்கிறது. அம்மொட்டுதான் அன்று மாலையே நம் பெண் பிள்ளைகளின் கூந்தலுக்கும் சாமிக்கும் போகிறது.

எனவே பின்னிய மொட்டுகளைப் பறித்து அழியுங்கள். வரப்புச் செடிகளை விட்டுவையுங்கள். புழு கண்டால் முதலில் 100 லிட்டர் தண்ணீருக்கு 5 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பு என இடித்து ஊறவைத்து, வடிகட்டித் தெளியுங்கள். மேடைக்கு வலப்புறம் மூட்டைகள் இருக்கின்றன. தோட்டத்தின் பரப்பைச் சொல்லி, கூட்டம் முடிந்ததும் வாங்கிச் செல்லலாம்.