சந்தேகங்களுக்கு விளக்கம்: குடும்பமாக நடத்தும் ஆலோசனை அலுவலகத்தை நம்பி ரிட்டயர்மென்ட் பணத்தைக் கொடுக்கலாமா?

வணக்கம். பாலக்கோட்டிலிருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார்கள்: "என் வீட்டுக்காரர் பள்ளி ஆசிரியராக இருந்து ரிட்டயர் ஆகிவிட்டார். தர்மபுரியில் அப்பா, இரண்டு மகன்கள், மருமகள் சேர்ந்து முதலீட்டு ஆலோசனை அலுவலகம் நடத்துகிறார்கள். நல்ல குடும்பம், மொத்தப் பணத்தையும் அவர்களிடமே கொடுத்துவிடலாம் என்கிறார். போன வீடியோவில் மேடாஃப் என்று ஒரு பெயர் சொன்னீர்கள். அதுவும் குடும்பக் கம்பெனிதானே, ஏன் விழுந்தது?"

சரிம்மா, முதலில் அந்தக் கதை. பெர்னார்ட் மேடாஃப் 1960-ல் நியூயார்க்கில் 5,000 டாலரோடு தொழில் தொடங்கினார். கணக்காளரான அவருடைய மாமனார்தான் தனக்குத் தெரிந்தவர்களையும் சொந்தக்காரர்களையும் வாடிக்கையாளர்களாகச் சேர்த்துவிட்டார். அப்புறம் தம்பி பீட்டர் வந்தார், இரண்டு மகன்கள் வந்தார்கள், தம்பி மகளும் வந்தார். பங்கு வியாபாரத்தைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோனதில் முன்னால் நின்ற நிறுவனம் அது. மேடாஃப் நாஸ்டாக் என்ற அமெரிக்கப் பங்குச் சந்தையின் தலைவராகவே இருந்தார். அந்த வியாபாரம் உண்மையாக நடந்தது. ஏமாற்று நடந்தது அதே கட்டடத்தில் இரண்டு மாடி கீழே, 17-வது மாடியில், மற்றவர்கள் பணத்தை முதலீடு செய்து தருகிறேன் என்று வாங்கிய பிரிவில்.

அவர் பணத்தை இரட்டிப்பாக்கித் தருகிறேன் என்று சொல்லவில்லை. ஆண்டுக்குப் பத்து, பன்னிரண்டு சதவீதம்தான். சந்தை ஏறினாலும் விழுந்தாலும் அது மட்டும் மாறாமல் வந்தது. வயதானவர்கள், அறக்கட்டளைகள், தொழிற்சங்க ஓய்வூதிய நிதிகள் எல்லாம் அதை நம்பின. வாங்கியதாகக் காகிதத்தில் வந்த பங்குகள் வாங்கப்படவே இல்லை. புதியவர் கொடுத்ததை எடுத்துப் பழையவருக்குக் கொடுத்தார், அவ்வளவுதான். 2008 நெருக்கடியில் கிட்டத்தட்ட 700 கோடி டாலரைத் திருப்பிக் கேட்டார்கள். பணம் இல்லை. டிசம்பர் 10 அன்று மகன்களிடம் உண்மையைச் சொன்னார், மகன்களே தகவல் கொடுத்தார்கள், மறுநாள் கைது. கணக்குக் காகிதங்களில் மட்டும் இருந்தது சுமார் 6,480 கோடி டாலர். 150 ஆண்டு தண்டனை. 2021-ல் சிறையிலேயே இறந்தார்.

இப்போது உங்கள் கேள்வி. குடும்பமாக நடத்தியதால் விழுந்ததா? அப்படிச் சொல்ல மாட்டேன். உங்கள் ஊர் தக்காளி மண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். வாங்குகிறவரே தராசையும் பிடித்து, சீட்டையும் எழுதி, பணத்தையும் வைத்துக்கொண்டால் கூடையில் எத்தனை கிலோ என்று யார் சொல்வது? மேடாஃப் விஷயத்தில் யோசனை சொன்னது, பணத்தை வைத்திருந்தது, மாதக் கணக்கை அச்சடித்து அனுப்பியது எல்லாம் ஒரே அலுவலகம். விதிகளை மீறாமல் நடக்கிறதா என்று பார்க்க வேண்டிய பொறுப்பு சொந்தத் தம்பிக்கு. வெளித் தணிக்கை செய்தது பெயர் தெரியாத ஒரு சின்ன அலுவலகம். ஹாரி மார்க்கோபோலஸ் என்ற நிதி ஆய்வாளர் 2000-லிருந்தே அங்கே பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையத்துக்கு, இது ஏமாற்று என்று எழுதிக்கொண்டிருந்தார். எட்டு ஆண்டுகள் அது எடுபடவே இல்லை.

எங்கள் பெரியப்பா காரிமங்கலத்துக்காரர். ரிட்டயர் ஆன பணத்தை ஈமு கோழியில் போட்டார். அங்கேயும் தெரிந்தவர்கள்தான். மாதாமாதம் சரியாகப் பணம் வந்தது. 2012-ல் நின்றது. அதற்குப் பிறகு அவர் மருந்துக் கடையில் பாதி மாத்திரை மட்டும் வாங்கியதை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை இவ்வளவு நேரம் பேசுகிறேன்.

நம் நாட்டில் கட்டணம் வாங்கி முதலீட்டு ஆலோசனை சொல்ல, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபியில் பதிவு வேண்டும், 2013-லிருந்து விதி இருக்கிறது. பதிவு எண் ஐ.என்.ஏ. என்று தொடங்கும். செபி இணையதளத்தில் நீங்களே தேடிப் பார்க்கலாம். அவர்கள் உங்களிடம் வாங்கக்கூடியது கட்டணம் மட்டும். முதலீட்டுப் பணம் அவர்கள் கணக்கைத் தொடவே கூடாது. மியூச்சுவல் ஃபண்ட் என்றால் காசோலை அந்தத் திட்டத்தின் பெயரில் இருக்க வேண்டும். கணக்கையும் அவர்கள் கொடுக்கும் காகிதத்தில் பார்க்காதீர்கள். உங்கள் பான் எண்ணைக் கொடுத்தால், மியூச்சுவல் ஃபண்ட் கணக்குகளைப் பதிவு செய்து வைக்கும் கேம்ஸ், கேஃபின்டெக் நிறுவனங்களிலிருந்து நேராக உங்கள் மின்னஞ்சலுக்கே வரும்.

அப்புறம் ஒரு விஷயம், மொத்தப் பணமும் எதற்கு அங்கே போக வேண்டும்? தபால் நிலையத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் இருக்கிறது. 2023 ஏப்ரல் முதல் ஒருவர் 30 லட்சம் வரை போடலாம். ஐந்து ஆண்டு, மூன்று மாதத்துக்கு ஒரு முறை வட்டி கைக்கு வரும். சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் வேண்டியதை முதலில் அங்கே வைத்துவிட்டு, மீதிக்கு யோசனை கேளுங்கள்.

அந்தக் குடும்பம் நல்ல குடும்பமாகவே இருக்கலாம். நல்லவர்கள் என்றால் பதிவு எண்ணைக் கேட்டதற்குக் கோபப்பட மாட்டார்கள். இன்று சாயங்காலம் உங்கள் வீட்டுக்காரரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: காசோலையை யார் பெயரில் எழுதச் சொல்லியிருக்கிறார்கள்? பதிலை எனக்கு எழுதுங்கள்மா, அடுத்த வீடியோவுக்கு முன்னாலேயே பார்த்துச் சொல்கிறேன்.