கூண்டுக் கதவை இரவில் எப்போது திறந்து வைக்கலாம்?

வணக்கம் நண்பர்களே. நாய்க்குட்டி வளர்ப்பவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி இது: "குட்டிக்கு ஐந்து மாதம் ஆகிவிட்டது. கூண்டுக்குள் சமர்த்தாகத் தூங்குகிறான். விடியும் வரை ஒரு சொட்டு நனைப்பதில்லை. இனி இரவில் வெளியே படுக்க விடலாமா?"

அவசரப்படாதீர்கள் என்பதுதான் என் பதில். ஏன் என்று சொல்கிறேன்.

படுக்கும் இடத்தை அசுத்தம் செய்யக் கூடாது என்ற உணர்வு நாய்க்கு இயல்பிலேயே உண்டு. கண் திறந்து நடக்கத் தொடங்கியதும் குட்டிகள் படுக்கையை விட்டு விலகிப் போய்ச் சிறுநீர் கழிக்கப் பழகும். கூண்டு அந்த உணர்வைத்தான் பயன்படுத்திக்கொள்கிறது. உள்ளே இருக்கிற இடமெல்லாம் படுக்கை என்பதால் குட்டி அடக்கிக்கொள்கிறது. அதே குட்டியைக் கூடத்தில் விட்டுப் பாருங்கள். படுக்கை ஒரு மூலையில், எதிர் மூலை இருபதடி தள்ளி. அந்த எதிர் மூலையும் தன் வீடுதான் என்பது அதற்கு இன்னும் தெரியாது. எழுந்து போகும், அங்கே சிறுநீர் கழித்துவிட்டு வரும், சுத்தமான படுக்கையில் நிம்மதியாகப் படுத்துக்கொள்ளும். அதன் கணக்கில் எந்தத் தவறும் நடக்கவில்லை.

ஆகவே, கூண்டுக்குள் நனைக்காத குட்டி வீட்டுக்குள்ளும் நனைக்காது என்று எடுத்துக்கொள்ள முடியாது. கூண்டுக்குள் எதையும் கடிக்காத குட்டிக்கும் இதேதான். அங்கே கடிப்பதற்கு என்ன இருந்தது? இரவு அனுமதிக்கான சான்றுகளைப் பகலில், கூண்டுக்கு வெளியேதான் தேட வேண்டும். இன்று நான் சொல்ல வந்தது இதுதான்.

முதலில் உடம்பைப் பார்த்துவிடுவோம். பகலில் ஒரு குட்டி எவ்வளவு நேரம் அடக்கும் என்பதற்கு ஒரு தோராயக் கணக்கு சொல்வார்கள்: எத்தனை மாதமோ அதோடு ஒன்றைக் கூட்டினால் அத்தனை மணி நேரம். மூன்று மாதக் குட்டி என்றால் நான்கு மணி நேரம். அதுவே உச்ச வரம்பு. பல குட்டிகளுக்கு அதற்கு முன்பே வந்துவிடும். உறக்கத்தில் சிறுநீர் குறைவாக உற்பத்தியாவதால் இரவில் இதைவிடச் சற்று அதிகம் தாங்கும். நான்கு முதல் ஆறு மாதத்துக்குள் பெரும்பாலான குட்டிகளுக்கு இரவு முழுவதும் அடக்கும் திறன் வந்துவிடுகிறது. சின்ன இன நாய்களுக்குச் சிறுநீர்ப்பையும் சிறியது, அவற்றுக்குக் கூடுதல் காலம் பிடிக்கும். நான்கு மாதத்துக்குக் கீழே இருக்கிற குட்டியை இரவில் தன்னிச்சையாகத் திரிய விடுவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

சரி, ஐந்து மாதத்தில் அடக்கும் திறன் வந்துவிட்டது, பிறகென்ன என்று கேட்கலாம். பற்கள் இருக்கின்றன! நாய்க்குட்டிக்குப் பால்பற்கள் 28. மூன்று, நான்கு மாதத்தில் அவை விழத் தொடங்கி, ஆறு ஏழு மாதத்துக்குள் 42 நிலைப்பற்கள் முளைத்து முடிகின்றன. ஈறு குறுகுறுக்கும் அந்தக் காலம் முழுவதும் கண்ணில் பட்டதெல்லாம் வாய்க்குள் போகும். சிறுநீரை அடக்கத் தெரிந்துகொள்ளும் வயதும், எதையும் கடித்துப் பார்க்கத் துடிக்கும் வயதும் ஒன்றாக வந்து சேர்கின்றன. அது முடிந்த கையோடு வளரிளம் பருவம். நேற்று வரை சொன்ன பேச்சைக் கேட்ட குட்டி, திடீரென்று எதையும் சோதித்துப் பார்க்கும். பெரிய இனங்களில் இது ஒன்றரை, இரண்டு வயது வரைகூட நீளும்.

மாதக் கணக்கு சொல்லியே ஆக வேண்டும் என்றால், பல நாய்கள் ஒரு வயதை ஒட்டித்தான் இதற்குத் தயாராகின்றன. எட்டு மாதத்தில் தயாராகும் நாயும் உண்டு, இரண்டு வயது வரை பொறுக்க வேண்டிய நாயும் உண்டு. பக்கத்து வீட்டு நாய் ஆறு மாதத்திலேயே கட்டிலடியில் படுத்துத் தூங்குகிறது என்பதற்காக உங்கள் குட்டியை அதோடு ஒப்பிடாதீர்கள். இரண்டின் பற்களும் வேறு, குணமும் வேறு.

நான் இதில் ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறேன்? பகலில் குட்டி எதையாவது கவ்வினால் உங்கள் கண் பார்க்கும், கை பிடுங்கும். இரவில் நீங்கள் தூங்குகிறீர்கள். காலுறையை விழுங்கிய குட்டிக்குக் குடல் அடைத்துக்கொண்டால் வயிற்றைத் திறந்துதான் எடுக்க வேண்டியிருக்கும். சுவரில் செருகிய சார்ஜர் கம்பியைக் கடித்தால் மின்சாரம் பாயும். சாக்லேட்டில் இருக்கும் தியோப்ரோமின் நாயின் இதயத்தையும் நரம்பு மண்டலத்தையும் தாக்கும். திராட்சையும் உலர்திராட்சையும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சர்க்கரை சேர்க்காத சூயிங்கம்மில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருந்தால், அது உள்ளே போன சற்று நேரத்தில் நாயின் ரத்தச் சர்க்கரை அபாயகரமாக இறங்கிவிடும். தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளும் வலி மாத்திரையும் ஆபத்துதான். மனிதர்களுக்கான ஐபுபுரூஃபனும் பாராசிட்டமாலும் நாய்க்கு நஞ்சாகலாம். சோபாவைக் கிழித்தால் தைத்துக்கொள்ளலாம். எனக்குச் சோபாவைப் பற்றிக் கவலை இல்லை, இவற்றைப் பற்றித்தான் கவலை.

இப்போது பகல் சான்றுகளுக்கு வருவோம். குட்டி வீட்டுக்குள் கடைசியாக நனைத்தது எப்போது என்று யோசியுங்கள். யோசித்துச் சொல்லும் அளவுக்குப் பழைய கதையாகியிருந்தால், அதாவது ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தால், முதல் அறிகுறி நல்லது. அடுத்து, வெளியே போக வேண்டுமென்றால் அது உங்களிடம் எப்படிச் சொல்கிறது? கதவருகே போய் நிற்கிறதா, முனகுகிறதா, உங்கள் காலைத் தட்டுகிறதா? எந்த வழியாக இருந்தாலும் சரி, ஒரு வழி இருக்க வேண்டும். நேரம் பார்த்து நீங்களே கூட்டிப் போவதால் மட்டும் வீடு சுத்தமாக இருக்கிறது என்றால், அந்தப் பழக்கம் இன்னும் உங்களுடையதுதான், குட்டியுடையதாக ஆகவில்லை.

பிறகு கடிக்கும் பழக்கம். கூடத்தில் அதன் பொம்மையும் உங்கள் செருப்பும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கின்றன. நீங்கள் கண்டுகொள்ளாமல் புத்தகம் படிக்கிறீர்கள். குட்டி எதைத் தேடிப் போகிறது? பத்து முறையில் பத்து முறையும் பொம்மையைத் தேடிப் போனால் அடுத்த படிக்குப் போகலாம். ஒன்பது முறை என்றால் இன்னும் பொறுங்கள். அந்த ஒரு முறை இரவில் செருப்பாக இருக்காது, கம்பியாக இருக்கும்.

நான் மிகவும் மதிக்கும் சான்று ஒன்று உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. வீட்டில் எதுவும் நடக்காதபோது குட்டி தானாகப் போய்ப் படுக்கிறதா? விளக்கை அணைத்துவிட்டால் இரவு என்பது நீண்ட சலிப்பு. யாரும் விளையாட வரமாட்டார்கள், எங்கும் சத்தம் இருக்காது. சலிப்பைத் தூங்கிக் கழிக்கத் தெரிந்த நாய்க்கு இரவு எளிது. சலிப்பு வந்தால் வேலை தேடும் நாய்க்கு இரவு முழுவதும் வேலை கிடைக்கும். எங்கள் நாய் மல்லி மதிய வெயிலில் யாரும் சொல்லாமலே ஜன்னலோரம் போய்ச் சுருண்டு படுக்கத் தொடங்கியபோதுதான் எனக்கு நம்பிக்கை வந்தது. வயதைப் பார்த்து வரவில்லை.

இவையெல்லாம் பொருந்தி வந்தால் பகல் தூக்கத்திலிருந்து தொடங்குங்கள். மதியம் கூண்டுக்கு வெளியே, நீங்கள் இருக்கும் அறையில் தூங்கட்டும். அது பழகியதும் குட்டியை அந்த அறையில் விட்டுவிட்டு ஐந்து நிமிடம் வெளியே போய்விட்டு வாருங்கள். பிறகு பதினைந்து நிமிடம், அரை மணி நேரம். ஒரு சிறிய கேமராவோ பழைய கைபேசியோ இருந்தால் பதிவு செய்யுங்கள். நீங்கள் திரும்பி வரும்போது குட்டி படுத்திருக்கலாம். ஆனால் இடைப்பட்ட நேரம் முழுக்க நடந்துகொண்டும் கதவைச் சுரண்டிக்கொண்டும் இருந்ததா என்பதைக் கேமராதான் சொல்லும்.

இரவுக்கு ஒரே ஒரு அறைதான், முழு வீடும் கிடையாது. அந்த அறை நீங்கள் படுக்கும் அறையாக இருந்தால் மிக நல்லது. குட்டி எழுந்து நடந்தால் நகங்கள் தரையில் படும் சத்தம் உங்களுக்குக் கேட்கும். இதோ, இந்தப் பக்கம் கேமராவைத் திருப்புகிறேன், பாருங்கள். வாசலில் ஒரு தடுப்புக் கதவு. கம்பிகள் எல்லாம் அலமாரிக்குப் பின்னால். குப்பைத்தொட்டிக்கு மூடி. தரையில் துணி ஒன்றுகூட இல்லை. கூண்டு எப்போதும் இருந்த இடத்திலேயே, கதவு மட்டும் திறந்து, உள்ளே அதே பழைய விரிப்போடு. முதல் இரவில் பல நாய்கள் கூண்டுக்குள்ளேயே போய்ப் படுத்துக்கொள்ளும். அதற்காக வருத்தப்படாதீர்கள், அதன் விருப்பம் அது. அறை பெரியதாக இருந்தால் கூண்டைச் சுற்றி மடக்கு வேலி போட்டு, அந்த வட்டத்துக்குள் மட்டும் முதலில் விடலாம்.

மறுநாள் நீங்கள் சீக்கிரம் எழ வேண்டாத இரவாகப் பார்த்துத் தொடங்குங்கள். மாலையில் நல்ல நடை, கொஞ்சம் மோப்ப விளையாட்டு, படுக்கும் முன் கடைசியாக ஒருமுறை வெளியே. அவ்வளவு போதும். இரண்டு வாரம் எந்தச் சிக்கலும் இல்லாமல் போனால் அடுத்த அறையைச் சேர்க்கலாம். இரண்டு குட்டிகள் வளர்ப்பவர்கள் ஒன்றை முதலில் பழக்குங்கள். இரண்டையும் ஒரே இரவில் விட்டால் அவை தூங்காது, திருவிழா நடத்தும்.

ஒருநாள் காலையில் எழுந்து பார்க்கும்போது தரை நனைந்திருக்கிறது, அல்லது மெத்தை முனை கிழிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். திட்டாதீர்கள். இரவு இரண்டு மணிக்குச் செய்ததையும் காலை ஆறு மணிக்கு விழும் திட்டையும் நாயால் இணைத்துப் பார்க்க முடியாது. "தப்பு செய்தது அதற்கே தெரிகிறது, முகத்தைப் பாருங்கள்" என்பார்கள். 2009-இல் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் 14 நாய்களை வைத்து இதையே சோதித்தார். அந்தக் குற்றவாளி முகம், நாய் தவறு செய்ததா இல்லையா என்பதைப் பொறுத்து வரவில்லை, உரிமையாளர் திட்டியபோதுதான் வந்தது. தவறே செய்யாமல் திட்டு வாங்கிய நாய்கள்கூட அந்த முகத்தைக் காட்டின. ஆகவே பேசாமல் துடையுங்கள். நொதி (என்சைம்) கலந்த துப்புரவுத் திரவம் சிறுநீர் வாடையை உடைத்து நீக்கும். அமோனியா கலந்தது வேண்டாம், அதன் நெடி சிறுநீரை ஒத்திருப்பதால் குட்டி அதே இடத்துக்குத் திரும்பி வரும். பிறகு சில வாரங்களுக்கு ஒரு படி பின்னால் போங்கள். அதில் தோல்வி எதுவும் இல்லை.

இதில் ஒரு விலக்கு. மாதக்கணக்காக நனைக்காத நாய் திடீரென்று இரவில் நனைக்கத் தொடங்கினால், அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்தால், வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் குடித்தால், பயிற்சியை மறந்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். சிறுநீர்ப் பாதைத் தொற்றாக இருக்கலாம். கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கூண்டையே விரும்பாதவர்கள் உண்டு, அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. சுவீடனிலும் பின்லாந்திலும் வீட்டுக்குள் நாயைக் கூண்டில் பூட்டி வளர்க்கச் சட்டமே அனுமதிப்பதில்லை. பயணம் போன்ற சில தேவைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. அங்கேயும் குட்டிகள் வளர்கின்றன, தடுப்புக் கதவும் பாதுகாப்பான அறையும் வைத்து. உங்கள் குட்டி கூண்டுக்குள் எச்சில் ஒழுக நடுங்கினால், கம்பியைக் கடித்துப் பல்லையோ நகத்தையோ உடைத்துக்கொண்டால், நான் இவ்வளவு நேரம் சொன்ன பொறுமை அதற்குப் பொருந்தாது. அது பிடிவாதம் பிடிக்கவில்லை, பயத்தில் தவிக்கிறது. இன்றே பூட்டுவதை நிறுத்திவிட்டு, வேலி போட்ட சிறிய இடத்தில் உங்கள் அருகே படுக்க வையுங்கள், மருத்துவரிடமும் பேசுங்கள்.

வெளியே படுக்கப் பழகிய பிறகும் கூண்டை மடித்துப் பரண்மேல் போட்டுவிடாதீர்கள். நாளைக்கே ஓர் அறுவை சிகிச்சை என்றால் மருத்துவமனையில் கூண்டில்தான் இருக்க வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகும் தையல் ஆறும் வரை ஓட்டமும் குதியும் கூடாது. கூண்டை மறந்துபோன நாய்க்கு அந்த நாட்கள் பெரும் வேதனை. கதவைத் திறந்தே வையுங்கள், அவ்வப்போது உள்ளே ஒரு தின்பண்டம் போட்டு வையுங்கள். கூண்டுக்குள் பயந்து தவிக்கும் நாய்களை எப்படிப் பழக்குவது என்பதற்குத் தனியாக ஒரு காணொளி வேண்டும், அடுத்த முறை அதைத்தான் எடுத்துக்கொள்ளப் போகிறேன். வருகிறேன்.