சேற்றின் நடுவே, சேர்ந்து

அனைவருக்கும் வணக்கம்.

இளவேனில் தொடங்கும் வாரங்களில், காட்டுப்பாதையில் ஓடும் வழக்கமுள்ளவர்களைக் கேட்டால் இரண்டு விதமான பதில் வரும். "பாதை காயட்டும், அப்புறம் பார்ப்போம்" என்பவர்கள் ஒரு சாரார். இந்தச் சேற்றுக்காகவே குளிர்காலத்தைப் பொறுமையாகத் தள்ளியவர்கள் இன்னொரு சாரார். நான் இரண்டாவது சாராரோடு நிற்கிறேன். ஆனால் சேற்றில் நண்பர்களோடுதான் ஓட வேண்டும் என்பேன். பாதுகாப்பை மட்டும் நினைத்து இதைச் சொல்லவில்லை. சேறு ஒரு கூட்டத்துக்கு ஒன்றைக் கொடுக்கிறது; அந்தக் கூட்டத்திடமிருந்து ஒன்றைக் கேட்கவும் செய்கிறது. இரண்டையும் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

முதலில் அந்தச் சேறு எப்படி உண்டாகிறது என்று பார்ப்போம். மழைக்காலச் சேற்றுக்கு மேகம் பொறுப்பு. உறைபனி விழும் பகுதிகளின் இளவேனில் சேற்றுக்கோ மண்ணே பொறுப்பு. குளிர்காலத்தில் மண்ணுக்குள் இருக்கும் நீர் உறைகிறது. உறையும்போது அடியிலிருந்து மேலும் நீரை இழுத்து, மெல்லிய பனிக்கட்டித் தகடுகளாகச் சேர்ந்துவிடுகிறது. வெயில் ஏறத் தொடங்கியதும் மேல்மண்தான் முதலில் இளகும். கீழே இன்னும் உறைந்து கிடக்கும் மண் அந்த நீரை இறங்க விடாது. மரங்களும் இலை விடாமல் நிற்பதால் வேர்கள் உறிஞ்சுவதும் சொற்பம். போக வழியில்லாத நீர் மேலேயே தங்கிவிடுகிறது. மழையே பெய்யாத நாளிலும் பாதை உளையாகக் கிடப்பது இதனால்தான். இரவுக் குளிரில் மறுபடி இறுகிப்போகும் அதே பாதை, வெயில் ஏற ஏறக் காலை உள்ளே இழுக்கும். களிமண் பாதை வடிய நாளாகும். மணல் கலந்த மண் சீக்கிரம் வடிந்துவிடும். ஆகவே எங்கே ஓடுவது என்று முடிவு செய்பவர் தூரத்தைப் பார்ப்பதற்கு முன் மண்ணைப் பார்க்க வேண்டும்.

சரி, சேறு கொடுப்பது என்ன?

தார்ச்சாலையில் ஆறு நண்பர்கள் ஒன்றாகக் கிளம்பினால், கொஞ்ச நேரத்தில் அவரவர் வேகத்துக்கு ஏற்பப் பிரிந்துவிடுவார்கள். முடிவில் சந்திக்கும்போது ஒவ்வொருவரும் தனியாக ஓடி வந்தவர்களாகவே இருப்பார்கள். சேற்றில் அந்தக் கணக்கு குலைந்துபோகிறது. மென்மையான மணலில் ஓடக் கெட்டித் தரையில் ஆவதைப்போல் சுமார் 1.6 மடங்கு ஆற்றல் செலவாகிறது என்று 1998இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து காட்டியது. காலால் கொடுக்கும் விசையில் கணிசமான பகுதி தரையை நகர்த்துவதிலேயே கரைந்துவிடுகிறது. சேற்றிலும் அதேதான் நடக்கிறது. போதாததற்கு அது வழுக்கவும் செய்கிறது. சாலையில் முன்னே பறப்பவருக்கு அவருடைய நீண்ட எட்டே இங்கே பாரமாகிவிடும். எப்போதும் பின்தங்குபவரின் குறுகிய, சுறுசுறுப்பான அடி இங்கே அவருக்குப் பலம். ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம் என்ற கேள்வி பொருளிழந்துவிட்டால், ஓட்டத்தில் மிஞ்சுவது கூட ஓடுகிறவர்கள்தான். பேச்சு அறுபடாமல் தொடர்கிறது. ஒருவர் சறுக்கினால் அடுத்தவரின் கை நீள்கிறது. பல ஆண்டுகளாகப் பழகியவர்களை நான் உண்மையில் அறிந்துகொண்டது இப்படிப்பட்ட பாதைகளில்தான்.

ஓடும் முறையும் கொஞ்சம் மாற வேண்டும். அடிகள் குறுகியவையாக, அடிக்கடி விழுபவையாக இருக்கட்டும். பாதம் உடலுக்கு நேர் கீழே இறங்கட்டும். குதிகாலை முன்னே நீட்டி ஊன்றினால் அது அப்படியே வழுக்கிக்கொண்டு போகும். கைகளைச் சற்று அகல விரித்துக்கொண்டால் சமநிலை கிடைக்கும். கண் காலடியில் இருக்கக் கூடாது. மூன்று நான்கு மீட்டர் முன்னால் இருக்க வேண்டும். இறக்கத்தில் பயத்தால் பின்னே சாய்வதுதான் பெரும்பாலான சறுக்கல்களுக்குக் காரணம். முழங்காலை மடக்கி, உடலைக் கொஞ்சம் முன்னே கொண்டுவந்தால் பாதத்துக்குப் பிடிமானம் கிடைக்கும். ஏற்றம் மிகவும் வழுக்கினால் நடந்துவிடுங்கள். மலைப்பாதை ஓட்டத்தில் ஏற்றத்தில் நடப்பது குறையே அல்ல.

கூட்டமாக ஓடுவதற்கும் ஒழுங்கு உண்டு. முன்னால் பாதை தெரிந்த ஒருவர், கடைசியில் அனுபவமும் பொறுமையும் உள்ள ஒருவர். மற்றவர்கள் இந்த இருவருக்கும் நடுவே, ஒருவருக்கொருவர் இரண்டு மூன்று மீட்டர் இடைவெளி விட்டு வர வேண்டும். அப்போதுதான் அடுத்த அடி விழும் இடம் கண்ணுக்குத் தெரியும். முன்னால் போகிறவர் "வேர்", "கல்", "பள்ளம்" என்று குரல் கொடுப்பார். அதை ஒவ்வொருவரும் பின்னே கடத்த வேண்டும். பாதை பிரியும் ஒவ்வொரு இடத்திலும் கடைசி ஆள் வந்து சேரும்வரை நிற்க வேண்டும். வந்தவர் மூச்சு வாங்கிக்கொள்ளுமுன் மற்றவர்கள் கிளம்பிவிடும் வழக்கத்தை நான் வெறுக்கிறேன். மிகவும் களைத்தவருக்குத்தான் ஓய்வு தேவை; அவருக்கே அது கிடைக்காமல் போகிறது.

துணையின் மதிப்பை எடுத்துக்காட்ட எனக்கு எப்போதும் நினைவுக்கு வருவது, அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் இளவேனில் தொடக்கத்தில் நடக்கும் பார்க்லி மாரத்தான்ஸ். 1986இல் தொடங்கிய ஓட்டம் அது. குறியிடாத வழி, செங்குத்தான ஏற்றங்கள், முட்புதர், சேறு. ஐந்து சுற்றுகளை 60 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். முதல் சுற்றுகளில் ஓட்டக்காரர்கள் சேர்ந்துகொண்டு வழி கண்டுபிடிப்பது சாதாரணம். ஐந்தாம் சுற்றுவரை தாக்குப்பிடித்தவர்களையோ அடுத்தடுத்து எதிரெதிர்த் திசையில் அனுப்பிவிடுவார்கள். அத்தனை கடினமான ஓட்டத்திலும், கடைசியாகப் பறித்துக்கொள்ள ஒரு சலுகை மிஞ்சியிருக்கிறது என்றால் அது துணைதான் என்று நான் புரிந்துகொள்கிறேன். 2024இல் ஜாஸ்மின் பாரிஸ் 99 விநாடிகள் மீதமிருக்கையில் அதை முடித்தார். அதை முடித்த முதல் பெண் அவர்.

இனி, சேறு நம்மிடம் கேட்பது. எனக்கு மிகவும் முக்கியமான விஷயம் இது.

பாதையின் நடுவில் சேற்றுக்குட்டை கிடக்கிறது. இயல்பாக என்ன செய்வோம்? ஓரமாக ஒதுங்கிப் புல்லை மிதித்துக்கொண்டு கடப்போம். ஒருவர் அப்படிச் செய்தால் புல் நிமிர்ந்துவிடும். பத்துப் பேர் ஒருவர் பின் ஒருவராக அதையே செய்தால் அந்த ஓரமும் சேறாகும். அடுத்த கூட்டம் அதற்கும் வெளியே ஒதுங்கும். வேர்கள் வெளியே தெரியும், ஓரத்து மண் கரைந்து ஓடும், ஒற்றையடிப் பாதை வண்டிப்பாதை அகலத்துக்கு விரிந்துபோகும். கூட்டமாக ஓடுவதால் மகிழ்ச்சி பெருகுவதைப்போலவே, நம் கால்கள் செய்யும் சேதமும் பெருகுகிறது. எனவே சேற்றைச் சுற்றாமல், நேராக நடுவிலேயே ஓடுங்கள். காலணி நனையட்டும். புதிதாக வருபவர்களிடம் இதை முதல் குட்டைக்கு முன்பே சொல்லிவிடுங்கள். முதலில் ஓடுபவர் தயங்காமல் இறங்கினால் பின்னால் வரும் அத்தனை பேரும் இறங்குவார்கள்.

சில நாட்களில் ஓடவே கூடாது. காலணியின் அடிப்பாகம் பதிவது பரவாயில்லை. ஒவ்வோர் அடியும் கணுக்கால்வரை புதைந்து குழி விழுந்தால், அந்தக் குழி காய்ந்து இறுகிவிடும், அடுத்த மழை அதில் தேங்கும். திரும்பிவிடுங்கள், அல்லது சரளைப் பாதைக்குப் போங்கள். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் இந்த வாரங்களைச் சேற்றுப் பருவம் என்றே அழைக்கிறார்கள். மே மாத இறுதி விடுமுறைவரை நனைந்த மலைப்பாதைகளைத் தவிர்க்கும்படி அங்கே பாதைகளைப் பராமரிப்பவர்கள் கேட்டுக்கொள்கிறார்கள். அந்த வேண்டுகோளை மதித்து நடக்க வேண்டும்.

காலணியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அடியில் ஆறு முதல் எட்டு மில்லிமீட்டர் ஆழமுள்ள பற்கள், அவற்றுக்கிடையே நல்ல இடைவெளி. இடைவெளி இல்லாவிட்டால் சேறு அப்பிக்கொண்டு உதிராது. நீர் புகாத காலணி இங்கே உதவாது, மேல்வழியாகப் புகுந்த நீர் வெளியேற வழியிருக்காது. கம்பளிக் காலுறை நனைந்தாலும் ஓரளவு சூடு காக்கும். ஓட்டம் முடிந்து நிற்கும்போதுதான் குளிர் உடலைப் பிடிக்கும். பேசிக்கொண்டு நிற்பதற்கு முன் உலர்ந்த உடைக்கு மாறிவிடுங்கள். உண்ணிகள் உள்ள பகுதியானால் முழங்கால் மடிப்பையும் இடுப்பையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

காலணியில் ஒட்டிய மண்ணைப் பாதை தொடங்கும் இடத்திலேயே தூரிகையால் தட்டிவிட்டுப் போங்கள். மண்ணோடு களை விதைகளும் நோய்க்கிருமிகளும் பயணம் செய்கின்றன. நியூசிலாந்தில் காவ்ரி மரங்களின் வேரை அழுகவைத்துக் கொல்லும் நோய், காலணியில் ஒட்டிவரும் ஒரு சிட்டிகை மண்ணாலும் பரவக்கூடியது; அதனால் அந்தக் காடுகளின் நுழைவாயில்களில் காலணி கழுவும் இடங்களே அமைத்திருக்கிறார்கள். வீட்டில் மீதிச் சேற்றைக் கழுவி, உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில் காயவையுங்கள். அடுப்பருகே வைத்தால் ஒட்டுப்பசை விட்டுப்போகும். கூட்டத்தில் ஒருவர் வண்டியில் ஒரு தூரிகையும் ஒரு குடுவைத் தண்ணீரும் எப்போதும் வைத்திருந்தால் எல்லோருடைய காலணிக்கும் அது போதும்.

நன்றி, வணக்கம்.