ஆக்ஸலாட்டல் தொட்டிக்கு எந்த ஃபில்டர் சரியா இருக்கும்?

[காட்சி: தொட்டியின் அடியில் அசையாமல் படுத்திருக்கும் ஆக்ஸலாட்டல். கேமரா மெதுவாகத் தலைக்கு அருகில் போகிறது.]

தலைக்கு ரெண்டு பக்கமும் மூணு மூணா விரிஞ்சு நிக்குதே, அதுதான் ஆக்ஸலாட்டலோட செவுள். மீனுக்குச் செவுளை மூடி பாதுகாக்க ஒரு தகடு இருக்கும். இதுக்கு அது கிடையாது. தண்ணியில என்ன கலந்திருந்தாலும் நேரா அந்த மெல்லிய இழைகள் மேலதான் படும். தோலும் அப்படித்தான், தண்ணியில இருக்கிறதை உள்ள இழுத்துக்கும்.

ஆக்ஸலாட்டல் மீன் இனம் இல்லை, தவளை மாதிரி இருவாழ்வி இனத்துல வர்ற, வாலுள்ள சாலமாண்டர் வகை. வளர்ந்த பிறகும் கரையேறாம, குஞ்சா இருந்தப்போ இருந்த செவுளோடயே கடைசி வரைக்கும் தண்ணிக்குள்ள வாழும். இதோட சொந்த இடம் மெக்சிகோ நகரத்தோட தெற்குப் பகுதியில இருக்கிற சோச்சிமில்கோ. குளிர்ச்சியான ஏரித் தண்ணி, ரொம்ப மெதுவா நகர்ற கால்வாய்கள். அதனால ஓட்டத்தை எதிர்த்து நாள் முழுக்க நீந்தறதுக்கான உடம்பு இல்லை இது. அடியில படுத்துக் கிடக்கிற உடம்பு.

அதே சமயம் இது மாமிசம் தின்கிற பிராணி. மண்புழு மாதிரி புரதம் நிறைஞ்ச சாப்பாடு. கழிவு நிறைய, அந்தக் கழிவுல இருந்து வர்ற அம்மோனியாவும் நிறைய. ஆக, ஃபில்டர் பலமா வேலை செய்யணும், ஆனா தண்ணி ஓடறதே தெரியக் கூடாது. இந்த ரெண்டையும் ஒண்ணா கொடுக்கிற ஃபில்டரைத்தான் நாம தேடறோம்.

[காட்சி: ஸ்பாஞ்சின் துளைகள், பெரிதாக்கிக் காட்டப்படுகின்றன.]

ஃபில்டர்னா குப்பையை வடிகட்டறதுன்னு நினைக்கிறோம். அது சின்ன வேலை. பெரிய வேலையைச் செய்யறது அதுக்குள்ள குடியேறுற பாக்டீரியா. ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட்டா மாத்தும், அடுத்தது நைட்ரைட்டை நைட்ரேட்டா மாத்தும். முதல் ரெண்டும் கடுமையான விஷம். மூணாவதை நாம தண்ணி மாத்தி வெளியேத்திடலாம். இந்த பாக்டீரியாவுக்குத் தேவை ஒட்டி வாழ நிறைய இடமும் ஆக்சிஜனும்தான். அதனால பெட்டி மேல மணிக்கு இத்தனை லிட்டர்னு போட்டிருக்கிறதை மட்டும் பார்த்து வாங்காதீங்க. உள்ள மீடியா, அதாவது பாக்டீரியா ஒட்டி வாழற ஸ்பாஞ்ச் மாதிரியான பொருள், எவ்வளவு பிடிக்கும், வெளிய வர்ற வேகத்தைக் குறைக்க முடியுமா, இதை முதல்ல பாருங்க.

[காட்சி: இரண்டு ஸ்பாஞ்ச் ஃபில்டர்கள், மெதுவாக எழும் குமிழிகள்.]

என் முதல் சிபாரிசு ஸ்பாஞ்ச் ஃபில்டர். ஏர் பம்ப்ல இருந்து வர்ற காத்து குழாய் வழியா மேல ஏறும்போது தண்ணியையும் கூட்டிட்டுப் போகும். அந்த இடத்தை நிரப்ப ஸ்பாஞ்ச் வழியா தண்ணி உள்ள வரும். ஓட்டம் மென்மை, கால் விரலோ செவுளோ உறிஞ்சப்படாது, தண்ணியைச் சூடாக்கற மோட்டாரும் உள்ள இல்லை. 16 முதல் 18 டிகிரி செல்சியஸ்ல இருக்க விரும்புற பிராணிக்கு இது சின்ன விஷயம் இல்லை. ஆனா நல்லா வளர்ந்த ஆக்ஸலாட்டலுக்கு ஒரு சின்ன ஸ்பாஞ்ச் போதாது. ரெண்டு பெருசா வைங்க. ஒண்ணைக் கழுவும்போது இன்னொண்ணுல பாக்டீரியா பத்திரமா இருக்கும். கெட்டியான கழிவை ஸ்பாஞ்ச் இழுக்காது, அதை நீங்கதான் தினமும் குழாய் வெச்சு உறிஞ்சி எடுக்கணும்.

பெரிய தொட்டிக்கு கேனிஸ்டர், அதாவது தொட்டிக்கு வெளிய வைக்கிற மூடின டப்பா ஃபில்டர், நல்ல தேர்வு. மீடியாவுக்கு இடம் தாராளம், மோட்டார் தொட்டிக்கு வெளிய இருக்கு. ஆனா அப்படியே மாட்டிடாதீங்க. தண்ணி வெளிய வர்ற பக்கம் ஸ்ப்ரே பார்ங்கிற ஓட்டை போட்ட குழாயை மாட்டி, அதோட ஓட்டைகளைக் கண்ணாடிச் சுவர் பக்கம் திருப்பி வைங்க. வேகம் சுவர்ல மோதி அடங்கிடும். உறிஞ்சற முனையில கண்டிப்பா ஒரு ஸ்பாஞ்ச் உறை.

தொட்டி விளிம்புல தொங்கவிடுற ஃபில்டரும் பரவாயில்லை, அருவி மாதிரி விழற இடத்துல ஸ்பாஞ்ச் வெச்சுத் தடுத்தா. சரளைக்கு அடியில வைக்கிற வகை வேண்டவே வேண்டாம். ஆக்ஸலாட்டல் சாப்பிடும்போது கல்லையும் சேர்த்து விழுங்கிடும், குடல் அடைச்சிடும்.

[காட்சி: செவுள்கள் முன்பக்கமாக வளைந்த நிலை. பிறகு கொக்கி போல மடங்கிய வால் நுனி.]

மாட்டின பிறகு அடியில ஒரு சின்ன இலைத்துண்டை விடுங்க. அது நகர்ந்துக்கிட்டே போனா ஓட்டம் அதிகம். பிராணியே உங்களுக்குச் சொல்லும்: செவுள் முன்னாடி வளைஞ்சே இருக்கும், வால் நுனி மடங்கும், சாப்பாட்டை ஒதுக்கும். தண்ணி கெட்டிருந்தாலும் இதே அறிகுறிகள் வரும், அதனால டெஸ்ட் கிட்ல தண்ணியையும் சேர்த்துப் பாருங்க.

புது ஃபில்டரை மாட்டின அன்னிக்கே ஆக்ஸலாட்டலை விட்டுடாதீங்க, தயவுசெஞ்சு. பாக்டீரியா பெருக பெரும்பாலும் 4 முதல் 8 வாரம் ஆகும். பிராணி இல்லாத தொட்டியில அளவா அம்மோனியா சேர்த்து ஓடவிடணும். குளிர்ந்த தண்ணியில பாக்டீரியா மெதுவாத்தான் வளரும், அதனால இந்தக் கட்டத்துல தண்ணி கொஞ்சம் வெதுவெதுப்பா இருந்தா நல்லது. அம்மோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட் 20 பிபிஎம்முக்குள்ள (பிபிஎம்னா பத்து லட்சத்துல ஒரு பங்கு) வந்த பிறகு குளிரவெச்சு விடுங்க.

கழுவும்போது குழாயடிக்குக் கொண்டு போகாதீங்க, குளோரின் பாக்டீரியாவைக் கொன்னுடும். தொட்டியில இருந்து எடுத்த தண்ணியிலேயே பிழிஞ்சா போதும்.

[காட்சி: காற்றுக் குழாயில் பொருத்தப்பட்ட சிறிய வால்வு.]

கரண்ட் போனா என்ன ஆகும்னும் யோசிச்சு வைங்க. ஏர் பம்ப் தண்ணி மட்டத்துக்குக் கீழ இருந்தா குழாய் வழியா தண்ணி திரும்பி வரும். காத்தை ஒரு பக்கமா மட்டும் விடற செக் வால்வு ஒண்ணு அதைத் தடுத்திடும். கேனிஸ்டர் பல மணி நேரம் நின்னுபோயிருந்தா உள்ள ஆக்சிஜன் தீர்ந்து தண்ணி கெட்டிருக்கும். கரண்ட் வந்ததும் அந்தத் தண்ணி தொட்டிக்குள்ள போகவிடாம, முதல்ல கழட்டிக் கொட்டிட்டு, மீடியாவைத் தொட்டித் தண்ணியில அலசி மாட்டுங்க. அடுத்த சில நாள் அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் தினமும் சோதிச்சுப் பாருங்க.