மின்சாரம் நாட்கணக்கில் வராவிட்டால்

நேயர்களுக்கு வணக்கம்.

மின் நிலையங்களையும் ஊர்களையும் ஒன்றாகப் பிணைக்கும் பெரிய கம்பி வலைதான் மின்தொகுப்பு, அதாவது கிரிட். 2012 ஜூலை 31 மதியம் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மின்தொகுப்புகள் மூன்றும் சரிந்து விழுந்தன. ஏறத்தாழ 60 கோடிப் பேருக்கு மின்சாரம் இல்லாமல் போனது. தமிழ்நாட்டில் அன்று விளக்கு எரிந்தது. அந்த வருடம் நமக்கிருந்த தினசரி மின்வெட்டு நேரம் போக, எரிந்தது என்று சொல்ல வேண்டும். அதற்குக் காரணம் நம் சாமர்த்தியம் அல்ல. தென்னகத் தொகுப்பு அப்போது மற்றவற்றோடு ஒத்திசைந்து, ஒரே தொகுப்பாக ஓடவில்லை, அவ்வளவுதான். 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர் – சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை வழியாக நாமும் இணைந்துவிட்டோம். இதில் நன்மைகள் நிறைய. ஆனால் இனி பெரிய சரிவு வந்தால் நாம் தனியாகத் தப்ப முடியாது.

தொகுப்பு சரிந்தது மட்டும் என்றால் பொதுவாக ஒரு நாளுக்குள் மீட்டுவிடுவார்கள். அனல் மின் நிலையத்தைக் கிளப்பவே மின்சாரம் வேண்டும் என்பதால், முதலில் நீர்மின் நிலையங்களை ஓடவிட்டு, அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி எழுப்புவார்கள். கம்பங்களும் மின்மாற்றிகளும் சேர்ந்து போனால் கணக்கே வேறு. 2018 நவம்பரில் கஜா புயல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தது. டெல்டாவின் உள்கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. ஆகவே ஒரு வாரத்துக்கு என்று திட்டமிடுவது நியாயம்.

கரண்ட் போனதும் எல்லோரும் மெழுகுவத்தியைத் தேடுகிறார்கள். நான் முதலில் மொட்டை மாடிக்குப் போகச் சொல்வேன். தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று பாருங்கள். முதலில் தீர்வது அதுதான்.

நகரத்தில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது அரசு வைத்திருக்கும் அளவு. நான்கு பேர் இருக்கும் வீட்டில் 1000 லிட்டர் தொட்டி இரண்டு நாள்கூட முழுதாக வராது. அதே தொட்டியை ஆறு நாள் ஓட்டலாம்: குடிக்கவும் சமைக்கவும் 25 லிட்டர், ஆளுக்கு ஒரு வாளிக் குளியல் என்று 60, கழிப்பறைக்கு 60, பாத்திரத்துக்கு 20. மொத்தம் 165. இதைக் கட்டுப்பாட்டால் மட்டும் சாதிக்க முடியாது. குழாயைத் திறந்தால் கை தானாக வீணாக்கும். தொட்டிக்குக் கீழே இருக்கும் கேட் வால்வை மூடிவிடுங்கள். காலையிலும் மாலையிலும் கால் மணி நேரம் திறந்து, வாளிகளில் பிடித்துக்கொண்டு மறுபடி மூடுங்கள். ஃபிளஷ் டேங்கைத் தொடாதீர்கள். பழைய டேங்க் ஒரு இழுப்புக்குப் பத்து லிட்டர் கொட்டும். வாளியிலிருந்து வேகமாக ஊற்றினால் ஐந்தே போதும்.

ஆர்.ஓ. இயந்திரம் ஓடாது. குடிநீரை நன்றாகத் தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்கவிட்டால் போதும். பத்து நிமிடம் கொதிக்கவைப்பது கேஸுக்குக் கேடு. தொட்டியையே சுத்திகரிப்பதானால், தெளிந்த தண்ணீர் 1000 லிட்டருக்கு நல்ல பிளீச்சிங் பவுடர் 2.5 கிராம். குவளையில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்தபின் மேலே நிற்கும் தெளிவை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் விடுங்கள். பல மாதம் பிரித்து வைத்திருந்த பொட்டலத்தில் வீரியம் போயிருக்கும்.

சம்ப் இருக்கும் வீடுகளில் வாளியும் கயிறும் கைகொடுக்கும். இறைத்ததும் மூடியைப் போடுங்கள். குழந்தைகள் தவறி விழுவது திறந்து கிடக்கும் சம்பில்தான். ஜெனரேட்டரில் மோட்டார் போடுகிறவர்கள் கவனிக்க வேண்டும்: 1 எச்.பி. மோட்டார் துவங்கும் நொடியில் ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு இழுக்கும். 1 கே.வி.ஏ. ஜெனரேட்டரில் அது முனகிக்கொண்டு நிற்கும், வைண்டிங் கருகும். 3 கே.வி.ஏ. வேண்டும். கஜாவுக்குப் பிறகு ஜெனரேட்டரை வண்டியில் ஏற்றி வீடு வீடாகப் போய், வாடகைக்குத் தொட்டி நிரப்பிக் கொடுத்தார்கள். தெருவுக்கு ஒன்று போதும், வீட்டுக்கு ஒன்று தேவையில்லை.

ஜெனரேட்டரை வராந்தாவில்கூட வைக்காதீர்கள். புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது, தூக்கத்திலேயே கொல்லும். அதன் வயரை வீட்டு பிளக்கில் செருகுவது அதைவிடப் பெரிய குற்றம். அந்த மின்சாரம் மீட்டரைத் தாண்டி வெளியே போய், தெரு மின்மாற்றியில் தலைகீழாக ஏறி 11,000 வோல்ட் ஆகிவிடும். கம்பத்தில் வேலை செய்கிற லைன்மேன் இறந்துபோவார். தெரு லைனைத் துண்டித்துவிட்டு வீட்டை ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் இல்லாவிட்டால் கருவியை நேராக ஜெனரேட்டரிலேயே செருகுங்கள்.

இன்வெர்ட்டருக்கு வருவோம். 150 ஏ.எச். (ஆம்பியர்-மணி), 12 வோல்ட் பேட்டரியில், இரண்டையும் பெருக்கினால், பெயரளவுக்கு 1800 வாட்-மணி; ஒரு வாட்-மணி என்பது ஒரு வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடத் தேவையான மின்சாரம். ஈய-அமில பேட்டரியில் பாதிக்கு மேல் எடுத்தால் ஆயுள் குறையும், இழப்பும் உண்டு. கைக்கு வருவது 800 வாட்-மணி என்று வையுங்கள். சாதா ஃபேன் ஒன்று, 9 வாட் பல்பு இரண்டு போட்டால் 7, 8 மணி நேரம். அதாவது ஓர் இரவு. 28 வாட்டில் ஓடும் பி.எல்.டி.சி. என்ற சிக்கன ஃபேன் என்றால் இரண்டு இரவை நெருங்கும். பகலில் இன்வெர்ட்டரையே அணைத்துவிடுங்கள், சும்மா இருந்தாலும் அது பேட்டரியைத் தின்னும். முழுக்க வடிந்த பேட்டரியை ஒரு வாரம் அப்படியே போட்டால் தகடுகளில் சல்பேட் படிந்து, மின்சாரம் வந்தபின்னும் பழையபடி சார்ஜ் ஏறாது.

மாடியில் சோலார் இருப்பவர்கள் நிம்மதியாக இருக்க வேண்டாம். மானியத்தில் போட்ட பேனல்களில் பெரும்பாலானவை லைனில் மின்சாரம் இருந்தால்தான் வேலை செய்யும்; லைன்மேனைக் காக்கவே அந்த ஏற்பாடு. உச்சி வெயிலிலும் வீடு இருட்டாகத்தான் இருக்கும். தனியாக ஒரு 100 வாட், 12 வோல்ட் பேனலும், அதிலிருந்து பேட்டரிக்கு ஏறும் சார்ஜை ஒழுங்குபடுத்தும் சார்ஜ் கன்ட்ரோலரும் வைத்திருந்தால் நல்ல வெயிலில் நாளுக்கு 350 வாட்-மணி கிடைக்கும்: போன்கள், பல்புகள், அந்தச் சிக்கன ஃபேன் சில மணி நேரம். கன்ட்ரோலரில் இணைக்கும்போது முதலில் பேட்டரி, பிறகு பேனல். கழற்றும்போது முதலில் பேனல். ஒரு தென்னங்கீற்றின் நிழல் விழுந்தால்கூட உற்பத்தி பாதியாகும்.

செல்போன் கோபுரங்களின் பேட்டரி சில மணி நேரம்தான்; அப்புறம் டீசல் வந்தால் உண்டு. சிக்னல் பலவீனமானால் போன் அதைத் தேடித் தேடியே சார்ஜைக் காலி செய்யும். ஃபிளைட் மோடில் போட்டு, மணிக்கொரு தடவை திறந்து குறுஞ்செய்தி அனுப்புங்கள். பேச முடியாத நேரத்திலும் அது போய்ச்சேரும். யு.பி.ஐ.யும் ஏ.டி.எம்.மும் படுத்துவிடும் என்பதால் பத்து, ஐம்பது, நூறு ரூபாய்த் தாள்களாகக் கொஞ்சம் வையுங்கள். 500 ரூபாய்க்குச் சில்லறை யாரிடமும் இருக்காது. வானொலிக்காரனிடமே இதைக் கேட்க வேண்டுமா என்பீர்கள். இருந்தாலும், இரண்டு பென்சில் பேட்டரி போடும் டிரான்சிஸ்டர் ஒன்று இருக்கட்டும்.

இன்சுலின் போடுகிறவர்களுக்கு ஒரு வழி. பெரிய மண்சட்டியில் ஈர மணல், அதற்குள் சின்ன மண்பானை, அதற்குள் ஈரம் புகாத டப்பாவில் மருந்து, மேலே ஈரத்துணி. காற்றோட்டமான நிழலில் வைத்து, மணலைக் காயவிடாமல் பாருங்கள். உள்மாவட்ட வறண்ட காற்றில் இது நன்றாகக் குளிரும், கடற்கரை ஊர்களில் அவ்வளவாக எடுபடாது. ஐஸ் மேல் நேரடியாக வைக்காதீர்கள், உறைந்த இன்சுலின் உதவாது. வீட்டில் காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துத் தரும் கான்சன்ட்ரேட்டர் வைத்திருப்பவர்கள் இன்வெர்ட்டரை நம்பக் கூடாது. கான்சன்ட்ரேட்டர் 300 வாட்டுக்கு மேல் இழுக்கும். 1500 லிட்டர் பிடிக்கும் பி டைப் சிலிண்டர், நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் பன்னிரண்டு மணி நேரம் வரும். இவர்கள் முதல் நாளே மருத்துவமனைக்குப் பேசிவிட வேண்டும்.

ஃபிரிட்ஜ் திறக்காமல் இருந்தால் நான்கு மணி நேரம் தாங்கும். அதன்பின் பாலை அவ்வப்போது காய்ச்சுங்கள், இருக்கிற மாவை அன்றே சுட்டுத் தீர்த்துவிடுங்கள்.

இனி மின்சாரம் திரும்பும் நாள். கரண்ட் போனதுமே ஃபிரிட்ஜ், ஏ.சி., மோட்டார் எல்லாவற்றின் சுவிட்சையும் அணைத்து, ஒரே ஒரு பல்பை மட்டும் போட்டு வையுங்கள். வந்தது தெரிய அது போதும். ஊரே ஃபிரிட்ஜும் மோட்டாருமாக ஒரே நொடியில் இழுத்தால், துணைமின் நிலையத்திலிருந்து ஊருக்கு வரும் லைன், அதாவது ஃபீடர், மறுபடி விழும். துணைமின் நிலையத்தில் இருப்பவர் இரண்டு மூன்று முறை போட்டுப் பார்த்துத் திணறுவது பெரும்பாலும் இதனால்தான். வோல்டேஜும் முதல் கொஞ்ச நேரம் ஏறி இறங்கும். பல்பு நிலையாக எரிகிறதா என்று அரை மணி நேரம் பாருங்கள். பிறகு ஃபிரிட்ஜ், அடுத்து மோட்டார், ஏ.சி. கடைசியில். நடுவில் மறுபடி போய் வந்தால், கம்ப்ரசருக்கு ஐந்து நிமிடமாவது இடைவெளி விட்டுப் போடுங்கள்.

நன்றி, வணக்கம்.