விளையாட்டு வேளையைத் திருப்பிக் கொடுங்கள்

(கோவில்பட்டியில் பொங்கலை ஒட்டி நடந்த 14 வயதுக்கு உட்பட்டோர் ஹாக்கிப் போட்டியின் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் விழாக் குழுத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் நகர்மன்ற உறுப்பினர் அவர்களே, வாரம் முழுவதும் விடியற்காலையிலேயே பள்ளி மைதானத்தின் கதவைத் திறந்துவிடச் சொன்ன தலைமையாசிரியை அம்மா அவர்களே, வெயிலில் நின்று விசில் ஊதிய நடுவர் பெருமக்களே, ஒவ்வொரு நாளும் அதிகாலையில் சுண்ணாம்புக் கோடு போட்டுக் கொடுத்த மைதானக் காவலர் அவர்களே, வணக்கம். நம் கடலை மிட்டாய்க்கடை அண்ணாச்சி மேடைக்கு வர மறுத்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். ஆடிய பிள்ளைகள் அத்தனை பேருக்கும் தினமும் மிட்டாய் அனுப்பியவர் அவர். 2020இல் நம் கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு எத்தனையோ ஆண்டுகளுக்கு முன்பிருந்தே இந்த மைதானத்துப் பிள்ளைகளின் கால்சட்டைப் பையில் அது இருந்திருக்கிறது. அண்ணாச்சி, ஒருமுறை எழுந்து நில்லுங்கள். பிள்ளைகளே, நன்றாகக் கைதட்டுங்கள்.

'ஓய்வு பெற்ற பயிற்சியாளரின் ஒரு வாரம்' என்று எனக்குத் தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். குடும்பம், நண்பர்கள், மைதானம் என்று மூன்றாகப் பிரித்துக்கொள்கிறேன். மூன்றையும் சேர்த்துக் கட்டும் பழமொழி ஒன்று உண்டு. என்னிடம் பயின்றவர்களுக்கு நான் வாயைத் திறக்கும் முன்பே அது தெரியும். சுவர் இருந்தால்தான் சித்திரம்.

முதலில் மைதானம். வாரத்தில் ஆறு நாள் காலை நான் இங்கேதான் இருக்கிறேன். புதிதாக வரும் பிள்ளையிடம் ஸ்டிக்கைக் கொடுத்தால் வலது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு புல் அறுப்பதைப்போல் வீசும். இடது கை மேலே, வலது கை கீழே. ஸ்டிக்கைத் திருப்ப வேண்டியது இடது மணிக்கட்டு. வலது கைக்குள் அது வழுக்கிச் சுழல வேண்டும், அவ்வளவுதான். ஸ்டிக்கின் தட்டையான பக்கத்தால்தான் பந்தைத் தொடலாம் என்பதால், பந்தை வலமும் இடமுமாக நகர்த்த ஒவ்வொரு முறையும் ஸ்டிக் புரள வேண்டும். இதைக் கற்க வாரக்கணக்கில் ஆகும். பந்தே இல்லாமல் வெறும் ஸ்டிக்கைப் புரட்டிப் புரட்டிப் பழக வேண்டும். இந்த வாரம் ஒரு பொடியன், அரையிறுதி ஆட்டத்தில், எதிரணியின் இரண்டு பேருக்கு நடுவே பந்தைப் புரட்டி எடுத்துக்கொண்டு போனான். அவன் ஜூலை மாதத்தில் மணிக்கட்டு வலிக்கிறது என்று அழுதவன். அதோ, தலை குனிகிறான். குனியாதே தம்பி, நிமிர்ந்து உட்கார்.

பத்திரிகைகள் நம் ஊரை ஹாக்கிப்பட்டி என்று எழுதுகின்றன. எழுதக் காரணம் இருக்கிறது. 2022இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் நம் ஊர் மாரீஸ்வரன் சக்திவேலும், அரியலூரில் பிறந்து நம் ஊர் அகாதெமியில் வளர்ந்த கார்த்தி செல்வமும் இந்திய அணிக்காக ஆடினார்கள். கார்த்தி தன் முதல் ஆட்டத்திலேயே பாகிஸ்தானுக்கு எதிராகக் கோல் போட்டார். அந்தப் போட்டியில் இந்தியாவுக்கு வெண்கலம். அடுத்த ஆண்டு சென்னையில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை இறுதி ஆட்டம். பாதி நேரத்தில் 1-3 என்று மலேசியாவிடம் பின்தங்கியிருந்த இந்தியா 4-3 என்று வென்றது. அந்த அணியிலும் கார்த்தி இருந்தார். 2025இல் இளையோர் உலகக் கோப்பையே சென்னைக்கும் மதுரைக்கும் வந்துவிட்டது. மதுரை நமக்கு எட்டிவிடும் தூரம். இவ்வளவும் பெருமைதான். ஆனால் பெருமையைப் பேச நான் இன்று வரவில்லை.

குடும்பத்துக்கு வருகிறேன். என் பேத்தி இந்த ஆண்டு பத்தாம் வகுப்பு. செவ்வாய்க்கிழமை இரவு அவளுடைய நாட்குறிப்பைப் பார்த்தேன். முதல் பக்கத்தில் பாட அட்டவணை. வியாழக்கிழமை ஆறாவது பாடவேளையில் 'உடற்கல்வி' என்று அழகாக நீல மையில் எழுதியிருக்கிறாள். அதன் மேல் பென்சிலால் ஒரு கோடு, பக்கத்தில் 'கணக்கு'. வெள்ளிக்கிழமையிலும் அதே கோடு. பக்கத்தில் 'அறிவியல் தேர்வு'. "எப்போதிருந்து?" என்று கேட்டேன். "அரையாண்டுக்கு முன்பிருந்தே தாத்தா. எல்லா வகுப்பிலும் அப்படித்தான்" என்றாள். அவளுக்கு அது ஒரு குறையாகவே தோன்றவில்லை. என் மனைவி அடுப்படியிலிருந்து, "பத்தாம் வகுப்பு என்றால் அப்படித்தானே இருக்கும்" என்றாள். ஒரு விளையாட்டு ஆசிரியரோடு இத்தனை ஆண்டு குடும்பம் நடத்தியவளுக்கே இது இயல்பாகத் தெரிகிறது என்றால், ஊரில் மற்றவர்களைக் கேட்கவா வேண்டும்?

உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குச் சராசரியாக ஒரு நாளைக்கு 60 நிமிடமாவது உடலை வருத்தும் இயக்கம் வேண்டும் என்கிறது. வாரத்துக்கு 420 நிமிடம். நாம் கொடுப்பதே இரண்டு பாடவேளை. அதன் மேலும் பென்சில் கோடு. சுவரை இடித்துவிட்டுச் சித்திரம் வரைய உட்காருகிறோம்.

இங்கே ஒரு பாட்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

நான் பணியில் இருந்த ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி. வீட்டில் அம்மாவும் பாட்டியும் தீப்பெட்டி ஒட்டுகிறவர்கள். பள்ளி விட்டால் அவளும் ஒட்ட உட்கார்ந்துவிடுவாள். மாலைப் பயிற்சிக்கு வா என்றால் தலையை ஆட்டுவாள், வரமாட்டாள். ஆனால் உடற்கல்விப் பாடவேளையில் மைதானத்துக்கு வந்துதானே ஆக வேண்டும்? கோல் காக்க யாரும் முன்வராத ஒரு நாள், "நான் நிற்கிறேன் சார்" என்றாள். நின்றாள். பந்து வந்தால் எல்லாரும் கண்ணை மூடுவார்கள். இவள் கண்ணை விரிப்பாள். மூன்று மாதத்தில் குறுவட்ட அணிக்குத் தேர்வாகிவிட்டாள். சனிக்கிழமைப் பயிற்சிக்கு வீட்டில் எப்படியோ சொல்லிவிட்டு வந்தாள்.

ஆட்டம் நடந்துகொண்டிருக்கிறது. மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து ஒரு பாட்டி வேகமாக வருகிறார். கையில் குடை. மழையும் இல்லை, குடையை விரிக்கவும் இல்லை. நேராக டி வட்டத்துக்குள் நுழைந்து கோலுக்கு முன்னால் நின்றுவிட்டார். இருபத்திரண்டு பேரும் அப்படியே நின்றார்கள். என்னைப் பார்த்து, "ஏன் ஐயா, இத்தனை பிள்ளைகளும் சேர்ந்து என் பேத்தியைக் குறி வைத்து அடிக்கிறார்கள், நீங்கள் விசில் ஊதி வேடிக்கை பார்க்கிறீர்களா?" என்றார். "அடிக்கவில்லை அம்மா, பந்தைத் தடுப்பதுதான் அவள் வேலை" என்றேன். "தடுத்தால் என்ன கொடுப்பீர்கள்?" "சான்றிதழ் கொடுப்பார்கள்." "அதை அடுப்பில் ஏற்றினால் சோறு பொங்குமா?" பிள்ளைகள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். விளையாட்டில் தேறியவர்களுக்குக் கல்லூரியில் இடம் உண்டு, வேலை உண்டு என்று சொன்னேன். பாட்டி பதில் சொல்லவில்லை. வேப்பமரத்து வேரில் போய் உட்கார்ந்தார். "சுவர் இருந்தால்தான் அம்மா சித்திரம்" என்றேன். "அது எனக்குத் தெரியும், நீங்கள் ஆட்டத்தை நடத்துங்கள்" என்றார்.

மறு சனிக்கிழமையும் வந்தார். அன்றைக்கு அவர் கண்ணில் பட்டது கால்காப்பு. எங்கள் பள்ளியில் இருந்தவை பெரியவர்களுக்கானவை. வார் அறுந்து, சணல் கயிற்றால் கட்டியிருந்தோம். ஓடினால் அவிழும், கட்டினால் கெண்டைக்காலை அறுக்கும். பாட்டி ஒன்றும் பேசாமல் போய், தன் பழைய நூல் சேலையை நீளநீளமாகக் கிழித்து, நான்காக மடித்துத் தைத்துக் கொண்டுவந்தார். அவரே மண்டி போட்டுக் கட்டியும் விட்டார். அரக்குக் கலர் சேலை. அதன் பிறகு அந்தக் கால்காப்பு ஒருநாளும் அவிழவில்லை.

குறுவட்ட இறுதி ஆட்டம் கோல் ஏதும் இல்லாமல் முடிந்து, கோல் காப்பவரை மட்டும் எதிரே நிறுத்தி ஒவ்வொருவராகப் பந்தைத் தள்ளும் பெனால்டி ஸ்ட்ரோக்குக்குப் போனது. பாட்டி கோல் வலைக்குப் பின்னால் நிற்கிறார். நடுவர் தள்ளி நிற்கச் சொல்கிறார். "என் பேத்திக்குப் பின்னால் நான் நிற்காமல் யார் நிற்பது?" நடுவர் என்னைப் பார்க்கிறார். நான் வானத்தைப் பார்க்கிறேன். கடைசி ஸ்ட்ரோக். பந்து வலது காலுக்குப் பக்கத்தில் தாழ்வாக வந்தது. கால்காப்பில் பட்டு வெளியே போனது. முதலில் உள்ளே ஓடி வந்தது எங்கள் அணி அல்ல, குடையோடு பாட்டி.

(நீண்ட கைதட்டல்.)

அந்தப் பெண் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரிக்குப் போய், உடற்கல்வி படித்து, இன்று வேறொரு மாவட்டத்தில் ஆசிரியை. இந்த வாரம் புதன்கிழமை தொலைபேசியில் அழைத்தாள். பொங்கல் வாழ்த்துச் சொல்லிவிட்டு, "சார், பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு இரண்டுக்கும் என் வேளையை வாங்கிக்கொண்டார்கள். பிள்ளைகள் ஜன்னல் வழியாக மைதானத்தைப் பார்க்கிறார்கள்" என்றாள்.

பெரியோர்களே, நான் கேட்பது ஒன்றுதான். அந்தப் பெண் மாலைப் பயிற்சிக்கு வந்தவளா? முகாமுக்கு வந்தவளா? இல்லை. அவளை எனக்குக் கொடுத்தது அந்த ஒரு பாடவேளை. இங்கே பரிசு வாங்கப்போகும் பிள்ளைகள் எல்லாரும் காலையில் எழுப்பிவிட ஆள் உள்ளவர்கள், ஸ்டிக் வாங்கித் தரப் பெற்றோர் உள்ளவர்கள். நல்லது, இன்னும் வளரட்டும். மாலையில் தம்பியைத் தூக்க வேண்டிய பிள்ளைக்கும், தண்ணீர் பிடிக்க வேண்டிய பிள்ளைக்கும், தீப்பெட்டி ஒட்ட வேண்டிய பிள்ளைக்கும் வாழ்க்கையில் ஒரே மைதானம் அந்தப் பாடவேளைதான். அதன் மேல் கோடு போட்டால் வசதி உள்ள பிள்ளைக்கு நஷ்டம் இல்லை, அது சாயங்காலம் ஆடிக்கொள்ளும். இந்தப் பிள்ளைகளுக்குத்தான் சுவரே இல்லாமல் போகிறது.

கணக்கு ஆசிரியர்கள்மீது எனக்குக் கோபம் இல்லை. தேர்ச்சி குறைந்தால் அவர்களைத்தான் கேள்வி கேட்கிறார்கள். விளையாட்டு வேளை போனதற்கு இதுவரை யாராவது யாரையாவது கேள்வி கேட்டிருக்கிறார்களா? அதனால் நாம் கேட்போம். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிக்கு மைதானம் வேண்டும் என்று அட்டவணையிலேயே எழுதியிருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோராக இருக்க வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். தாய்மார்களே, அந்தக் குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். நீங்கள் போய் உட்கார்ந்து, "எங்கள் பிள்ளையின் விளையாட்டு வேளை எங்கே?" என்று கேட்டால், பதில் சொல்லியாக வேண்டும். இன்று வீட்டுக்குப் போனதும் பிள்ளையின் நாட்குறிப்பில் அட்டவணைப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். கோடு இருக்கிறதா என்று பாருங்கள்.

நண்பர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியது இருக்கிறது. ஞாயிறு காலை பழைய ஆட்டக்காரர்கள் சேர்ந்து ஆடுகிறோம். ரயில்வேயில் இருந்தவர்கள், ஆலையில் இருந்தவர்கள், இரண்டு பேர் இங்கேயே பின்வரிசையில் இருக்கிறார்கள். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். பிள்ளைகளும் கோப்பையையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஆகையால் அந்த நண்பர்கள் செய்த ஒரு காரியத்தை மட்டும் சொல்கிறேன். மேடைக்கு இடப்பக்கம் ஒரு மேசை போட்டு, மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலருக்கு ஒரு மனு வைத்திருக்கிறார்கள். எந்த வகுப்பிலும், எந்த மாதத்திலும், உடற்கல்விப் பாடவேளையை வேறு பாடத்துக்குக் கொடுக்கக் கூடாது என்பதுதான் கோரிக்கை. தலைமையாசிரியை அம்மா முதல் கையெழுத்துப் போட்டிருக்கிறார். தன் பள்ளியில் திங்கள்கிழமையிலிருந்தே அந்த வேளை திரும்பி வரும் என்றும் என்னிடம் சொல்லியிருக்கிறார். அவருக்கு என் வணக்கம். பரிசு வாங்கிக்கொண்டு இறங்கும்போது பெற்றோர் எல்லாரும் அந்த மேசைப் பக்கமாகவே போங்கள். பேனா அங்கேயே இருக்கிறது. நன்றி, வணக்கம்.