திரை வரையும் மென்பொருள்: யார் திறக்கப் போகிறார்கள்?

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

உங்கள் போனில் ஏதாவது ஒரு செயலியைத் திறந்து பாருங்கள். வண்டி ஓட்டிக்கொண்டே கேட்பவர்கள் தயவுசெய்து வேண்டாம், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அதில் தெரிகிற ஒவ்வொரு பட்டனையும், ஒவ்வொரு பெட்டியையும், சிவப்பாக வந்து பயமுறுத்துகிற எச்சரிக்கை வரியையும் நிரல் எழுதுவதற்கு முன்பே யாரோ ஒருவர் கணினியில் வரைந்து பார்த்திருப்பார். அப்படி வரைவதற்கென்றே மென்பொருள்கள் இருக்கின்றன. செயலி தயாரிக்கிற ஒரு குழு அவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

இந்தத் தொழிலில் இருப்பதால் பலரும் என்னிடம் கேட்கிற கேள்வி, "இருப்பதிலேயே எது நல்லது?" என்பதுதான். நான் பதில் சொல்வதில்லை, திருப்பிக் கேட்பேன்: "நீங்கள் வரைகிற ஃபைலை யார் யார் திறப்பார்கள்?" வரைபவர் ஒருவர்தான். திறப்பவர்கள் பலர். டெவலப்பர் திறப்பார். வாசகங்களை எழுதுபவர் திறப்பார். பிழை சோதிப்பவர், திட்டத்தை நடத்துபவர், கடைசி நிமிடத்தில் வந்து "நீலத்தைக் கொஞ்சம் கூட்டுங்களேன்" என்கிற மேலாளர், எல்லோரும் திறப்பார்கள். ஆனால் மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பது வரைபவர் மட்டும்தான். கோளாறு அங்கேதான் தொடங்குகிறது.

கொஞ்சம் பழைய கதை சொல்கிறேன். ஃபோட்டோஷாப் 1990-இல் வந்தது. பெயரே சொல்கிறது, அது புகைப்படங்களுக்கான மென்பொருள். ஆனால் பல வருடங்கள் இணையதளங்களை அதில்தான் வரைந்தார்கள், வேறு வழியில்லை. ஃபயர்வொர்க்ஸ் என்று ஒன்று திரைகளுக்காகவே இருந்தது. அடோபி நிறுவனம் 2013-இல் அதன் வளர்ச்சியை நிறுத்திவிட்டது. அதற்கு முன்பே, 2010-இல், ஸ்கெட்ச் வந்தது. சின்னது, வேகமானது, திரை வரைவதற்கென்றே செய்தது. டிசைனர்கள் கொண்டாடினார்கள். ஒரே ஒரு சிக்கல்: அது ஆப்பிள் மேக் கணினியில் மட்டும்தான் ஓடும். விண்டோஸிலும் லினக்ஸிலும் வேலை செய்கிற டெவலப்பர் அந்த ஃபைலை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? அதனால் வரைய ஒரு மென்பொருள், கிளிக் செய்து காட்ட இன்விஷன், அளவுகளை டெவலப்பருக்குக் கொடுக்க ஸெப்லின் என்று மூன்று இடங்களில் ஒரே திரை அலைந்தது. எது புதியது, எது பழையது என்று யாருக்கும் தெரியாது.

ஃபிக்மா 2016-இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தபோது மாறியது இதுதான். அது பிரவுசரில் ஓடியது. ஒரு லிங்க் அனுப்பினால் போதும், எந்தக் கணினியிலும் திறக்கும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒரே ஃபைலில் வேலை செய்யலாம், மற்றவரின் கர்சர் நகர்வது உங்களுக்குத் தெரியும். முதலில் பல டிசைனர்களுக்கு இது பிடிக்கவில்லை. நான் வரையும்போது இன்னொருவர் எட்டிப் பார்ப்பதா என்று முகம் சுளித்தார்கள். ஆனாலும் அதுதான் ஜெயித்தது. அதைவிட அழகாக வரையும் மென்பொருள்கள் இருந்தன. ஜெயித்ததற்குக் காரணம் யார் வேண்டுமானாலும் திறக்க முடிந்ததுதான். மறுபடியும் அதே கேள்விக்கு வந்துவிட்டேன், பார்த்தீர்களா? இன்னும் சில முறை வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சரி, தேர்ந்தெடுப்பது எப்படி? வசதிகளைப் பட்டியல் போட்டு டிக் அடிக்கிற வழக்கம் ஒன்று உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. எல்லா நிறுவனங்களும் எல்லா வசதியும் இருப்பதாகத்தான் சொல்லும். அவர்கள் காட்டுகிற மாதிரித் திரைகளைக் கவனித்திருக்கிறீர்களா? வானிலைச் செயலி, பாட்டுச் செயலி, பெரிய படம், இரண்டே இரண்டு வார்த்தை. அப்படிப்பட்ட திரையை எதில் வரைந்தாலும் அழகாகத்தான் இருக்கும்.

ஒரு குழு இப்படித்தான் இரண்டு மென்பொருள்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டிருந்தது. பெயர்கள் வேண்டாம். டிசைனர்கள் ஒரு பக்கம், டெவலப்பர்கள் ஒரு பக்கம். கூட்டம் போட்டார்கள், மறுபடியும் கூட்டம் போட்டார்கள். என்னைக் கூப்பிட்டார்கள். நான் சொன்னேன்: "உங்கள் செயலியில் வெளியாருக்குக் காட்ட வெட்கப்படுகிற திரை எது?" எல்லோரும் சிரித்துக்கொண்டே ஒரே திரையைச் சொன்னார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்கிறவர்களின் பட்டியல் வரும் திரை. ஒரு பெரிய அட்டவணை, அதில் பெயர், தேதி, தொகை, நிலை, காரணம். ஒவ்வொரு வரிசையிலும் குட்டிக் குட்டிப் பட்டன்கள். கீழே பிழைச் செய்தி. "அதையே இரண்டிலும் வரையுங்கள். வரைந்த பிறகு டிசைனர் வாயைத் திறக்கக் கூடாது. டெவலப்பர் லிங்க்கைத் திறந்து, தனக்கு எழுகிற சந்தேகங்களைக் காகிதத்தில் எழுத வேண்டும்" என்றேன்.

டிசைனருக்கு அன்று பேசாமல் இருப்பதுதான் பெரிய தண்டனை. டெவலப்பர் ஒவ்வொன்றாக எழுத எழுத, அவர் நாற்காலியில் நெளிந்துகொண்டிருந்தார்.

டெவலப்பர் எழுதிய கேள்விகள் சில சொல்கிறேன். "பட்டியலில் யாருமே இல்லையென்றால் இந்த இடத்தில் என்ன காட்டுவது?" இதற்கு எந்த மென்பொருளும் பதில் தராது, மனிதர்கள்தான் யோசிக்க வேண்டும். "தலைப்பில் இருக்கிற சாம்பல் நிறமும் கோட்டில் இருக்கிற சாம்பல் நிறமும் ஒன்றா, வேறா?" இது மென்பொருளைப் பொறுத்தது. நிறத்துக்குப் பெயர் வைத்து, அந்தப் பெயரையே எல்லா இடத்திலும் பயன்படுத்த முடிந்தால் இந்தக் கேள்வியே வராது. ஒன்றில் இரண்டு சாம்பலுக்கும் பெயர் இருந்தது, டெவலப்பர் கிளிக் செய்ததும் தெரிந்துவிட்டது. இன்னொன்றில் வெறும் நிறக் குறியீடுதான் இருந்தது, அதுவும் கடைசி எழுத்து மட்டும் மாறியிருந்தது. வேண்டுமென்றே மாற்றியதா, கை தவறியதா? கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

அடுத்து வாசகம் எழுதுபவர் உட்கார்ந்தார். "அனுப்பு" என்றிருந்த பட்டனை "சரிபார்த்து ஒப்புதலுக்கு அனுப்பு" என்று மாற்றினார். ஒன்றில் பட்டன் தானாக நீண்டு, பக்கத்துப் பட்டனை நாகரிகமாகத் தள்ளி உட்கார வைத்தது. இன்னொன்றில் பட்டன் அப்படியே நின்றது, எழுத்துகள் இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அந்த வசதி அதில் அப்போது இல்லை. மூத்த டிசைனருக்குப் பிடித்த மென்பொருள் அதுதான். "நான் ஒவ்வொன்றாக இழுத்துச் சரிசெய்துவிடுவேனே" என்றார் பாவம். அந்த அட்டவணையில் அப்படி எத்தனை பட்டன்கள் இருந்தன என்று எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். அதற்கு மேல் வாக்குவாதம் நடக்கவில்லை. மூத்தவர் கொஞ்ச நாள் முறைத்துக்கொண்டிருந்தார். விரல்களுக்குப் பழகிய குறுக்குவிசைகளை விடுவது லேசான காரியமில்லை, அந்த வருத்தத்தையும் செலவுக் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும்.

இடையில் ஒன்று. பொம்மை எழுத்துகளை நிரப்பிச் சோதிக்காதீர்கள். செயலி எந்த மொழிகளில் வெளிவருமோ அந்த மொழிகளில் சோதியுங்கள். 'கொ' என்று எழுதினால் கொம்பு முன்னால் வர வேண்டும், கால் பின்னால் வர வேண்டும். பழைய ஃபோட்டோஷாப் பதிப்புகள் யூனிகோடு தமிழில் இதைக் கோட்டை விட்டன. பின்னால்தான் தெற்காசிய மொழிகளுக்கான அமைப்பு அதில் வந்தது. தமிழ் வரிகள் ஆங்கிலத்தைவிடப் பெரும்பாலும் நீளம். ஆங்கிலத்தில் ஒரே வரியில் அடங்குவது தமிழில் இரண்டாவது வரிக்குப் போகும். அதை வரையும்போதே பார்த்துவிடுவது நல்லது.

பணம். இப்போது ஏறக்குறைய எல்லாமே சந்தாதான், ஆளுக்கு இவ்வளவு என்று. வரைகிறவர்களை மட்டும் எண்ணிக் கணக்குப் போடாதீர்கள். சும்மா பார்ப்பவருக்குப் பெரும்பாலும் கட்டணம் இருக்காது, அளவு எடுக்கிற டெவலப்பருக்கு இருக்கலாம். ஃபிக்மாவில் டெவலப்பர்களுக்கான தனிப் பகுதி 2023-இல் வந்தது. சோதனைக் காலத்தில் இலவசம், 2024-இல் கட்டணம். ஆக, யார் திறப்பார்கள் என்ற கேள்விக்கான பதில்தான் உங்கள் பில்லையும் தீர்மானிக்கிறது.

இனி, நான் எங்கே போனாலும் பேசுகிற விஷயம். மென்பொருளுக்குள் நுழையும் நாளிலேயே வெளியே வரும் வழியைப் பாருங்கள். வாடகை வீட்டைப் பார்க்கப் போகும்போது காலி செய்கிற விதிகளையும் கேட்டுக்கொள்வோம் இல்லையா, அந்த மாதிரி. சற்று முன்பு இன்விஷன் என்று சொன்னேனே, ஒரு காலத்தில் அது இல்லாத குழுவே இல்லை என்கிற அளவுக்கு இருந்தது. 2024 முடிவோடு சேவையை மூடிவிட்டார்கள். திரை வரைவதற்கென்று அடோபி கொண்டுவந்த எக்ஸ்டியில் இப்போது புதிய வசதிகள் சேர்ப்பதில்லை, இருப்பதைப் பராமரிப்பதோடு சரி. அதே அடோபி 2022 செப்டம்பரில் ஃபிக்மாவையே 2,000 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. ஐரோப்பாவிலும் பிரிட்டனிலும் போட்டியைக் கண்காணிக்கும் அமைப்புகள் ஆட்சேபிக்க, 2023 டிசம்பரில் கைவிட்டார்கள். ஒப்பந்தம் முறிந்ததற்காக அடோபி 100 கோடி டாலர் கொடுத்தது. நடுவில் அந்த ஒன்றேகால் வருடம், தங்கள் ஃபைல்கள் யார் கைக்குப் போகும் என்று தெரியாமல் பல குழுக்கள் விழித்தன.

அதனால் வாங்கும் முன் ஒரு முழு ஃபைலை வெளியே எடுத்துப் பாருங்கள். படமாக எடுப்பதைச் சொல்லவில்லை, படமாக எதையும் எடுக்கலாம். திருத்தக்கூடிய வடிவில், பட்டன் பட்டனாகவே, நிறத்தின் பெயரோடு வருகிறதா? ஸ்கெட்ச் தன் ஃபைல் வடிவத்தை 2017-இல் மாற்றியது. அந்த ஃபைல் ஒரு ஸிப் பொதி, உள்ளே இருப்பதை வேறு மென்பொருளும் படிக்கலாம். பென்பாட் என்ற திறந்த மூலத் திட்டம் இருக்கிறது, அதாவது அதன் நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம். அதை உங்கள் சொந்த சர்வரிலேயே நிறுவிக்கொள்ளலாம், இணையத்தின் பொதுத் தரங்களான எஸ்விஜி, சிஎஸ்எஸ் ஆகியவற்றின் மேல்தான் அது நிற்கிறது. ஃபைல்கள் தங்கள் கட்டடத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்ற கட்டாயம் உள்ள குழுக்கள் அதை முதலில் பார்க்கலாம். ஆனால் சர்வரைப் பராமரிக்க ஆள் வேண்டும், அது இலவசமாக வராது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரலைக் காட்டுகிறார்கள், ஒரு நிமிடம்தான் இருக்கிறதாம். செயற்கை நுண்ணறிவு வரைந்து தருகிற திரைகளைப் பற்றிப் பேச நினைத்திருந்தேன், அதற்கு இப்போது நேரமில்லை. சுருக்கமாக: அதற்கும் அந்த வெட்கப்படுகிற திரையையே கொடுத்துப் பாருங்கள். இன்னொன்றை விட மனமில்லை. பார்வை மங்கியவர்களுக்கும் எழுத்து தெரிய வேண்டும். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5-க்கு 1 என்ற மாறுபாடு வேண்டும் என்பது இணைய அணுகல் வழிகாட்டியின் விதி. வரையும்போதே அதை அளந்து சொல்ல மென்பொருளில் வசதி இருக்கிறதா, அல்லது தனியாக ஏதாவது சேர்க்க வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். விரல் வைக்கிற இடத்தின் அளவும் அப்படித்தான், ஆப்பிள் தன் அலகான பாயின்ட்டில் 44 என்கிறது, ஆண்ட்ராய்டு தன் அலகான டிபியில் 48 என்கிறது. மீதியை அடுத்த முறை கூப்பிட்டால் சொல்கிறேன். வணக்கம்.